கரண்ட் ஊசிக்கு முன் கேட்கவேண்டியது

ஆசிரியர் அவர்களுக்கு,

மாதவிடாய் வலிக்கு மின் அக்குபங்சர், அதாவது உடம்பில் மெல்லிய ஊசி குத்தி அதில் சிறு மின்துடிப்பு விடும் சிகிச்சை, செய்வதாகச் சொல்லும் துண்டுப்பிரசுரங்கள் திருகோணமலையில் இப்போது பஸ் நிலையத்திலும் பாமசி வாசல்களிலும் கைக்குக் கிடைக்கின்றன. சனங்கள் இதைக் 'கரண்ட் ஊசி' என்கிறார்கள். மூன்று தரம் வந்தால் போதும், எந்த வயிற்றுக்குத்தும் பறந்துவிடும், இனிக் குளிசையைத் தொடவே தேவையில்லை என்ற தோரணையில் எழுதியிருக்கிறார்கள். ஊசியை நாங்கள் எதிர்க்கவில்லை. முறையாகக் குத்தினால் சிலருக்கு வலி குறையத்தான் செய்கிறது. 'எந்த வயிற்றுக்குத்தும்' என்பதும் 'குளிசையைத் தொடவே தேவையில்லை' என்பதும்தான் பிழை. ஒரு பெண்பிள்ளையை ஐந்தாறு வருடம் அலைக்கழிக்க இந்த இரண்டும் போதும்.

ஊசிக்கு முன், எந்த வலி என்று பார்க்கவேண்டும். பெரியபிள்ளையாகி ஆறு மாதத்துக்கும் இரண்டு வருடத்துக்கும் இடையில் தொடங்கி, இரத்தம் படுவதற்குச் சில மணி நேரம் முன்னதாகவோ பட்ட கையோடோ வந்து, ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை நின்று, அடிவயிற்றைப் பிசைந்து இடுப்புக்கும் தொடைக்கும் இறங்கும் வலி ஒரு வகை. இதற்கு வேறு நோய் காரணமல்ல. கரு தரிக்காத மாதத்தில் புரொஜெஸ்தரோன் என்ற ஹோர்மோன் விழ, கருப்பையின் உட்சவ்வு உரியத் தொடங்குகிறது. அப்போது அங்கே புரொஸ்டாகிளாண்டின் என்ற பொருள் கூடுதலாக உண்டாகிறது. அது கருப்பைத் தசையை இறுக்கிப் பிடிக்கிறது. இறுக்கத்தில் இரத்தக்குழாய் நசிய, இரத்தம் கிடைக்காத தசை நோகிறது. அதே பொருள் குடலையும் உந்துவதால்தான் அன்றைக்குப் பலருக்கு வயிற்றாலும் போகிறது. சத்தியும் சேர்ந்து வந்தால் 'சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை' என்று வீட்டில் முடிவுகட்டிவிடுகிறார்கள். மின் அக்குபங்சரைப் பற்றிப் பேசுவதானால் இந்த வலிக்குத்தான் பேசலாம்.

இன்னொரு வகை இருக்கிறது. இருபத்தைந்து வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கிய வலி, வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டு போகும் வலி, மாதவிடாய் இல்லாத நாட்களிலும் இருக்கும் வலி, மலம் கழிக்கும்போதோ தாம்பத்திய உறவின்போதோ குத்தும் வலி, மணிக்கொரு பாட் மாற்றவேண்டிய அளவு இரத்தப்போக்கு, காய்ச்சலோடு நாற்றமுள்ள வெள்ளைபடுதல்: இவற்றின் பின்னால் எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உட்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது), அடினோமயோசிஸ் (அது கருப்பைத் தசைக்குள் வளர்வது), ஃபைப்ரொயிட் (கருப்பைத் தசைக்கட்டி), இடுப்பறைத் தொற்று என்று ஏதாவது இருக்கலாம். எண்டோமெட்ரியோசிஸ் மட்டுமே பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் பத்தில் ஒருவருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. சாதாரண ஸ்கானில் அது தெரியாமலும் போகும் என்பதால், 'ஸ்கான் எடுத்தோம், ஒன்றுமில்லை' என்ற பேச்சோடு கதையை முடிக்கக்கூடாது. பதினைந்து வயதாகியும் இரத்தமே படாமல் மாதாமாதம் வயிறு மட்டும் குத்தும் பிள்ளைக்கு, வெளியேறும் வழி அடைபட்டு உள்ளே இரத்தம் தேங்கியிருக்கக்கூடும். மாதவிடாய் தள்ளிப்போய், ஒரு பக்கமாக வலித்து, சொட்டுச்சொட்டாக இரத்தம் பட்டு, தலையும் சுற்றினால் கரு குழாயில் தங்கியிருக்கலாம். அங்கே ஊசிக்கு இடமுமில்லை, கிளினிக் நாள் வரும்வரை பொறுக்க நேரமுமில்லை. நேரே பொது வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்குப் போகவேண்டும்.

ஊசி குத்துபவர் இவற்றையெல்லாம் கேட்காமல், கடைசியாக மாதவிடாய் வந்த திகதியைக்கூடக் கேட்காமல் கட்டிலைக் காட்டினால், எழுந்து வந்துவிடுங்கள். அந்தத் திகதி வெறும் சடங்குக் கேள்வியல்ல. இந்த வலிக்குக் குத்தும் புள்ளிகள் பலவும் கர்ப்பிணிகளுக்குத் தவிர்க்கப்படுபவை.

குளிசையைப் பற்றி நாலு வரி. 'குளிசை கேட்கவில்லை' என்று சொல்பவர்களில் பலர் அதைப் போட்ட நேரத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும். மெஃபனமிக் அசிட், ஐபுபுரொஃபென் போன்றவை புரொஸ்டாகிளாண்டின் உண்டாவதைத்தான் தடுக்கின்றன. உண்டாகிவிட்டதை அள்ளி வெளியே கொட்டுவதில்லை. வலி உச்சிக்குப் போய்ச் சுருண்டு படுத்தபின் ஒன்று போட்டு, கேட்கவில்லை என்று பிறகு போடாமல் விட்டால் பலன் எப்படி வரும்? இரத்தம் படத் தொடங்கியதும், அல்லது நாள் ஒழுங்காக வருபவர்கள் அதற்கு முந்திய நாளே, சாப்பிட்டபின் மெஃபனமிக் அசிட் 500 மில்லிகிராம், நாளுக்கு மூன்று தரம், இரண்டு மூன்று நாளுக்கு என்பதுதான் வழமையான அளவு. ஐபுபுரொஃபென் என்றால் ஒரு தரத்துக்கு 400 மில்லிகிராம். இரண்டையும் சேர்த்துப் போடக்கூடாது. குடற்புண், சிறுநீரக நோய், இந்த வகைக் குளிசைக்குக் கிளம்பும் ஆஸ்துமா உள்ளவர்கள் டொக்டரிடம் கேட்காமல் தொடக்கூடாது. வாடைக்காற்று மாதங்களில் இன்னொரு கவனம் வேண்டும். டெங்கு பரவும் காலத்தில் காய்ச்சலோடு வயிறும் நொந்தால் இந்தக் குளிசைகள் ஆபத்து, ஏனென்றால் அவை இரத்தக் கசிவைக் கூட்டும். அப்போது பரசிற்றமோல் மட்டும்தான். இவ்வளவு ஒழுங்காகப் போட்டும் கேட்காதவர்கள், வயிறு எரிந்து போடமுடியாதவர்கள் இருக்கிறார்கள். ஹோர்மோன் குளிசை அவர்களுக்கு ஒரு வழி. ஊசியையும் அவர்கள் யோசிக்கலாம்.

இனி ஊசி. கரண்ட் என்றவுடன் சுவரிலுள்ள பிளக்கில் இருந்து உடம்புக்குள் மின்சாரம் விடுவதாகப் பலர் பயப்படுகிறார்கள். கருவி பற்றரியில் ஓடும் சிறு பெட்டி. அது தருவது மிகக் குறைந்த துடிப்பு, சில மில்லி அம்பியருக்குள். ஊசியோ 0.25 மில்லிமீற்றர் தடிப்பு, 40 மில்லிமீற்றர் நீளம். தடுப்பூசி போடும் ஊசியின் பாதித் தடிப்புக்கூட வராது, ஊசிக்குள் துளையும் இல்லை, மருந்தும் இல்லை.

அதிகம் பயன்படும் புள்ளி காலில் இருக்கிறது. சீனத்தில் சன்யின்ஜியாவ் என்பார்கள், சீன மருத்துவம் 'மண்ணீரல் தடம்' என்று அழைக்கும் கோட்டின் ஆறாம் புள்ளி. பெண் தன்னுடைய நாலு விரலைச் சேர்த்து, உட்புறக் கணுக்கால் எலும்பின் உச்சிக்கு மேலே குறுக்காக வைக்கவேண்டும். குத்துபவரின் விரலால் அளப்பது பிழை, அளவு அவரவர் உடம்புக்குரியது. விரல்கள் முடியும் இடத்தில் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பின் பின்விளிம்பைத் தடவினால் மெத்தென்ற ஒரு பள்ளம் தட்டுப்படும். மாதவிடாய் அண்டிய நாட்களில் அங்கே அழுத்தினால் பலருக்கு நோகும். எழுபது வீத அல்கஹோல் பஞ்சால் துடைத்து, காயவிட்டு, எலும்பின் பின்னால் 25 மில்லிமீற்றர் அளவு செங்குத்தாக இறக்குகிறார்கள். தோலைத் தாண்டும்போது கடிக்கும். அதன்பிறகு வரவேண்டியது மந்தமான ஒரு பாரம், மேலோ கீழோ பரவும் ஒரு கனதி. சீனர் அதைத் தே-சி என்கிறார்கள். மின்னல்போல் பாதத்துக்குச் சுரீரென்று இறங்கினால் அது பாரமல்ல, நரம்பில் பட்டிருக்கிறது. உடனே கொஞ்சம் வெளியே இழுத்துத் திசை மாற்றவேண்டும். அடிவயிற்றில் தொப்புளுக்கு நாலு விரல் கீழே ஒரு புள்ளியும், முழங்காலுக்குக் கீழே ஓரிரண்டும் சேர்ப்பதுண்டு. அடிவயிற்றில் குத்துவதானால் முதலில் சிறுநீர் கழித்திருக்கவேண்டும். நிரம்பிய சிறுநீர்ப்பை ஊசியின் வழிக்கு ஏறி வந்துவிடும்.

கிளிப்பை ஊசியின் பிடியில் மாட்டுவதற்கு முன் கருவியின் குமிழ் எல்லாம் பூச்சியத்தில் நிற்கவேண்டும். அவசரத்தில் மறக்கப்படுவது இந்த இடத்தில்தான். முந்தியவருக்குத் திருப்பிய இடத்திலேயே குமிழ் நின்றால், சுவிட்சைப் போட்டதும் தசை ஒரே இழுப்பாக இழுக்கும். படுத்திருப்பவர் துள்ள, ஊசி உள்ளே வளையும். வளைந்த ஊசியைப் பிடுங்கக்கூடாது. கரண்டை நிறுத்தி, தசை இளகும்வரை இருந்து, ஊசி வளைந்த போக்கிலேயே இழுக்கவேண்டும். ஒரு சோடி வயரின் இரண்டு முனையையும் ஒரே காலிலோ இரண்டு காலிலுமோ மாட்டலாம். இரண்டு கைகளுக்கும் குறுக்காக, அதாவது நெஞ்சுக்கூடு வழியாகக் கரண்ட் போகும்படி மாட்டவே கூடாது. பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு இந்தச் சிகிச்சை முழுவதும் விலக்கு. கர்ப்பிணிகளுக்கும் அப்படியே. வலிப்பு உள்ளவர்கள் சொல்லிவிட வேண்டும்.

குமிழை மெதுவாகத் திருப்பும்போது முதலில் ஒன்றும் தெரியாது, பிறகு தட்டுவதுபோல், பிறகு கால் தசை கண்ணுக்குத் தெரிய ஆடும். 2 ஹேர்ட்ஸ் என்றால் செக்கனுக்கு இரண்டு துடிப்பு, நாடிபோல எண்ணலாம். 100 ஹேர்ட்ஸில் எண்ணமுடியாது, விறைத்த ரீங்காரமாக இருக்கும். பீக்கிங்கில் ஹான் ஜீஷெங் என்ற ஆய்வாளர் எலிகளில் தொடங்கிப் பல வருடம் காட்டியது, குறைந்த துடிப்பில் என்கெஃபலின், எண்டோர்ஃபின் என்ற உடம்பின் சொந்த வலிநிவாரணிகளும், கூடிய துடிப்பில் டைனோர்ஃபினும் வெளிவருகின்றன என்பது. அதனால்தான் இரண்டையும் மூன்று மூன்று செக்கனாக மாற்றி மாற்றி விடும் முறை வந்தது. 20 முதல் 30 நிமிடம் போதும். நோகும்வரை கூட்டினால் பலனும் கூடும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படியில்லை. தாங்கக்கூடிய துடிப்பே எல்லை. ஐந்து நிமிடத்தில் உடம்பு பழகித் துடிப்பு மங்கியதுபோலத் தோன்றும். அப்போது கொஞ்சம் கூட்டலாம். அந்தக் குமிழைத் திருப்பவாவது ஆள் பக்கத்தில் நிற்கவேண்டும். பூட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவது சரியில்லை.

துடிப்பு விட்டுவிட்டுச் சுள்ளென்று அடித்தால் பிழை உடம்பில் இல்லை. கிளிப் தளர்ந்திருக்கிறது, அல்லது வயர் உள்ளே முறிந்து தொட்டும் விட்டும் நிற்கிறது. பிளாஸ்ரிக் பிடியுள்ள ஊசியில் கிளிப்பைப் பிடியில் மாட்டினால் கரண்டே போகாது. கிளிப்பின் பாரத்தில் மெல்லிய ஊசி சரிந்து தோலோடு படுத்துவிடுவதும் உண்டு. வயரைக் காலோடு ஒரு துண்டு பிளாஸ்ரரால் ஒட்டிவிட்டால் அது நடக்காது. கருவி தரும் துடிப்பு இரண்டு திசைக்கும் சமமாகப் போய்வருவதாக இருக்கவேண்டும். ஒரே திசையில் போனால் ஊசியின் உலோகம் அரிக்கப்படும், தோலும் சுடும். அரித்த ஊசி முறியும். மின் ஊசியை ஒருமுறைக்கு மேல் பாவிக்கக்கூடாது என்பதற்குத் தொற்று மட்டும் காரணமில்லை, இதுவும் ஒரு காரணம். உறையை உங்கள் கண்முன் கிழிக்கச் சொல்லுங்கள். கழற்றிய ஊசிகளை எண்ணி, தடித்த பிளாஸ்ரிக் ஊசிப்பெட்டியில் போடுகிறார்களா என்றும் பாருங்கள். குப்பைப் பையில் போனால் அது நாளைக்குக் குப்பை அள்ளுபவரின் கையில்தான் ஏறும்.

வெறும் வயிற்றோடு போகவேண்டாம். முதல்தரம் மயங்குபவர்களில் பாதிக் கதை அதுதான். காலைச் சாப்பாடில்லை, பயம், வெக்கை. வியர்த்து, முகம் வெளிறி, 'கண் இருட்டுது' என்றால் ஊசியைக் கழற்றி, காலை உயர்த்திப் படுக்கவைத்தால் சில நிமிடத்தில் தெளியும்.

இவ்வளவும் செய்தால் வலி போகுமா? மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் 2016 மீளாய்வு 42 ஆய்வுகளையும் 4640 பெண்களையும் எடுத்துப் பார்த்தது. அக்குபங்சர் பலன் தருகிறது என்று உறுதியாகச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை, ஆய்வுகளின் தரம் குறைவு என்பது அதன் முடிவு. பலனில்லை என்று நிரூபணமாகிவிட்டது என்று இதை வாசிக்கக்கூடாது. சோதித்த விதம்தான் போதவில்லை. ஊசி ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்கப் பொய் ஊசி வைப்பது கடினம், குத்தியதும் கரண்ட் தட்டுவதும் குத்தப்பட்டவருக்குத் தெரிந்துவிடும். போதாததற்கு, பெண்கள் சிகிச்சைக்கு வருவது மிக மோசமான மாதத்துக்குப் பிறகு. அடுத்த மாதம் ஒன்றும் செய்யாவிட்டாலும் கொஞ்சம் இறங்கியே இருக்கும்.

2017 இல் வெளியான நியூசிலாந்து ஆய்வு நம்முடைய துண்டுப்பிரசுரத்துக்கு நேரடியான பதில். 74 பெண்களை நாலு குழுவாகப் பிரித்து, சிலருக்குக் கையால் மட்டும் ஊசியைத் திருகினார்கள், சிலருக்குக் கரண்ட் பூட்டினார்கள். மூன்று மாதவிடாய்ச் சுற்றில் 12 தரம். எல்லாக் குழுவிலும் வலி இறங்கியது. ஆனால் கரண்ட் பூட்டியவர்களுக்குக் கூடுதலாக இறங்கவில்லை. வலிக்குளிசையின் தேவை அதிகம் குறைந்தது கையால் குத்திய குழுக்களில்தான். ஊசியே இல்லாத ஒரு குழுவை அதில் வைக்கவில்லை என்பது அந்த ஆய்வின் குறை. எப்படிப் பார்த்தாலும், கருவியைக் காட்டி இரண்டு மடங்கு காசு கேட்க இதில் நியாயமில்லை. மூன்று தரம் என்பதற்கும் இல்லை. ஆய்வுகளில் மூன்று மாதம் செய்திருக்கிறார்கள்.

ஊசிக்குப் பயந்த பிள்ளைகளுக்கு, தோலின் மேலிருந்தே மின்துடிப்பு விடும் டென்ஸ் கருவி இருக்கிறது. வைத்தியசாலைகளின் பிசியோதெரப்பிப் பிரிவினருக்கு நன்றாகப் பழகியது. அடிவயிற்றிலோ இடுப்பிலோ இரண்டு பசைத்துண்டை ஒட்டி, 80 முதல் 100 ஹேர்ட்ஸில் கூசும் அளவுக்கு விடுவார்கள். இந்த வலிக்கு உயர் துடிப்பு டென்ஸ் உதவும் என்பதற்கு ஆதாரம் உண்டு, தோலில் துளையும் விழாது. அதைவிடச் சுலபமானது சூடு. ஏறத்தாழ 39 பாகை சூட்டில் ஒட்டும் பட்டியை ஐபுபுரொஃபெனோடு ஒப்பிட்ட 2001 ஆம் ஆண்டு ஆய்வில் சூடு குளிசைக்குக் குறையாமல் நின்றது. கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் வாளியால் அள்ளி ஊற்றும் தண்ணீரின் சூடு எவ்வளவோ அவ்வளவு போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொதிநீரைப் போத்தலில் ஊற்றித் துணி சுற்றாமல் வைத்து வயிற்றில் வலைபோலக் கறுத்த கோடு விழுந்த பிள்ளைகள் எத்தனை பேர்! வலியை விரட்டுவது இதமான சூடு, சுடும் சூடு அல்ல.

வயதுவந்த பெண்பிள்ளைகளை அழைத்துப் போகும் தாய்மாருக்கு ஒன்று. காலிலுள்ள புள்ளிகளை மட்டும் வைத்துச் சிகிச்சை செய்யமுடியும். பாவாடையை முழங்கால்வரை உயர்த்தினால் போதும். உடை களையவேண்டும் என்றோ, தாய் வெளியே நிற்கவேண்டும் என்றோ சொன்னால் அதற்கு மருத்துவக் காரணம் கிடையாது. பெண் சிகிச்சையாளரைக் கேட்பது உங்கள் உரிமை. சுவரில் தொங்கும் சான்றிதழின் பொன்னெழுத்தைப் பார்க்காமல், எந்த மருத்துவச் சபையில் பதிவு, என்ன இலக்கம் என்று கேளுங்கள். கோணேசபுரியில் சித்த மருத்துவம் பல்கலைக்கழக மட்டத்தில் கற்பிக்கப்படும் ஊர் நம்முடையது. அதைச் சாட்டி, 'இது நம் வர்மம்தான், கரண்ட் பூட்டியிருக்கிறோம்' என்று சொல்பவர்களும் வரக்கூடும். வர்மம் வேறு, அக்குபங்சர் வேறு. ஒன்றைக் கற்றவர் மற்றதைக் கற்றவராகிவிட மாட்டார்.

குச்சவெளியிலிருந்தோ மூதூரிலிருந்தோ வருபவருக்கு 12 தரம் என்பது 12 நாள் வேலையும் 24 பஸ் பயணமும். அதனால் தொடங்குமுன் ஒரு கொப்பி போடுங்கள். முதல் இரண்டு மாதம் ஊசி இல்லாமலே எழுதவேண்டும்: இரத்தம் பட்ட திகதி, அன்றைய வலி பூச்சியத்திலிருந்து பத்துக்குள் எத்தனை, எத்தனை குளிசை, எத்தனை மணிக்கு, பாடசாலைக்கோ வேலைக்கோ போகாத நாள் எத்தனை. சிகிச்சையை மாதவிடாய்க்கு முந்திய வாரத்தில் வரும்படி ஒழுங்குசெய்யுங்கள். நாள் தவறி வருபவர்கள் வாரம் ஒன்றாகப் போகலாம். மூன்று சுற்று முடிய, ஊசிக்கு முன் எழுதியதையும் பின் எழுதியதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். எட்டாக இருந்தது நாலாகியிருந்தால் காசு வீணில்லை. எட்டு ஏழாகியிருந்தால் அடுத்த 'பக்கேஜ்' வாங்காமல், அந்தக் கொப்பியையே எடுத்துக்கொண்டு பெண்நோயியல் கிளினிக்குக்குப் போங்கள். அங்கே டொக்டர் முதலில் கேட்கப்போவதும் அதிலுள்ள திகதிகளைத்தான்.

இப்படிக்கு,
வலிச் சிகிச்சைத் துறையில் பணிபுரியும் சிலர்,
உவர்மலை, திருகோணமலை.